வீட்டுக்குப் போகாத பத்திரங்கள்: பதினொரு பேருக்கு ஒரு பூட்டிய ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் அமைத்த அனுபவம்

பின்னணி

ஈரோடு பக்கத்தில் ஒரு சிறிய தட்டச்சு அலுவலகம். வக்கீல் அலுவலகங்கள் தரும் பழைய கையெழுத்துப் பத்திரங்களை, அதாவது கிரயம், பாகப் பிரிவினை, உயில், அடமானம் மாதிரியானவற்றை, ஸ்கேன் படத்தைப் பார்த்து யூனிகோடில் அடித்துக் கொடுப்பது இவர்கள் தொழில். மொத்தம் பதினொரு பேர். மூன்று பேர் அலுவலகத்தில், மீதி எட்டுப் பேர் வீட்டிலிருந்து. அந்த எட்டுப் பேரும் பெண்கள். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமனார், கறவை மாடு என்று ஆளுக்கொரு காரணத்தால் தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்கள். ஆனால் 1930-களின் கூட்டெழுத்தை இவர்கள் படிக்கிற வேகத்தில் படிக்கிற வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. நான் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்பவன்.

2023 செப்டம்பர் வரை படங்கள் மின்னஞ்சலில் போகும், பெரிய கட்டாக இருந்தால் பென்டிரைவில், அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில். அப்படிப் போனில் வந்த ஒரு பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நாலு பக்கத்தை லேப்டாப்புக்கு மாற்றத் தெரியாமல் ஒருவர் அண்ணன் மகனிடம் போனைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் தனக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டான். குழுவில் இருந்த ஒருவருக்கு அந்த ஊர், அந்தச் சர்வே எண், செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரம்) சொல்லியிருந்த கிணறு எல்லாமே தெரியும். வழக்கில் இருந்த சொத்து அது. இரண்டே நாளில் பேச்சு சொந்தக்காரர் காதுக்குப் போய், அங்கிருந்து வக்கீலுக்குப் போய், வக்கீல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

வேலையை நிறுத்தவில்லை, நிபந்தனை போட்டார்கள். ஒரு பக்கம்கூட யாருடைய வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தங்கக்கூடாது. எந்தப் பக்கத்தை யார் எப்போது திறந்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். கெடு ஆறு வாரம். அந்த ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது, அதையும் எடுத்துக் காட்டினார்கள்.

உரிமையாளர் முதலில் யோசித்தது எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லலாம் என்று. கேட்டுப் பார்த்ததில் எட்டில் ஆறு பேர் வேலையை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தது. அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பத்திரம் அலுவலகத்திலேயே இருக்கட்டும், திரை மட்டும் போகட்டும் என்று அப்போதுதான் முடிவானது. இதைத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள்.

கட்டுவதற்கு முன் பார்த்தவை

எதையும் நிறுவுவதற்கு முன்னால் இரண்டு நாள் மூன்று பேர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் அலுவலகத்தில், இருவர் அவரவர் வீட்டில். எதை மூடுவது என்ற பட்டியல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. எதைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை இப்படி உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும் என்று நினைத்தேன்.

திரையில் ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் அடிப்பதற்கான லிப்ரே ஆபீஸ். படத்தைப் பெரிதாக்கி, திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு முறையாவது பெரிதாக்குவது நடக்கும். புரியாத சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியின் இணையப் பதிப்பில் தேடுவார்கள். பழைய பத்திரத்தில் நாள், மாதம், வருடம், ரூபாய், மேற்படி எல்லாவற்றுக்கும் ௳ ௴ ௵ ௹ ௸ என்று குறியீடுகள்தான் இருக்கும். யூனிகோடில் இவற்றுக்கு இடம் உண்டு, ஆனால் இவர்கள் விசைப்பலகையில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் ஒரு நோட்பேட் கோப்பில் சேர்த்து வைத்து அதிலிருந்து வெட்டி ஒட்டுவார்கள்.

அப்புறம் ஒன்று. எழுத்து பிடிபடாவிட்டால் அந்த வரியை மட்டும் போனில் படம் பிடித்து, முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிற ஒரு மூத்த அம்மாவுக்கு அனுப்புவார்கள். எல்லாருக்கும் அவர் அக்கா. "அக்கா, இது 'காணி'யா 'கேணி'யா?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். ஒரு நாளில் மூன்று பேரிடமும் சேர்த்துப் பதினேழு தடவை இது நடந்தது. எண்ணி நோட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி. அதற்குக் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

எடுத்த முடிவுகள், ஏன்

விண்டோஸ் சர்வரில் இதைச் செய்யலாம். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் பயன்பாட்டுக்கு ஆள் கணக்கில் தனி உரிமம் வாங்க வேண்டும், அந்தப் பணம் இந்த அலுவலகத்தில் இல்லை. பணம் இருந்திருந்தாலும் திறமூல இயங்குதளமான லினக்ஸைத்தான் நான் சொல்லியிருப்பேன். எது எங்கே திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்துப் பார்க்க முடிகிற ஒன்றைத்தான் என்னால் பூட்டித் தர முடியும்.

எக்ஸ்டூகோ என்ற மென்பொருளை முதலில் பார்த்தோம். திரை நன்றாக ஓடும். ஆனால் அது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக வேலை செய்வது, அதனால் ஒவ்வொருவருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் நுழைவு தர வேண்டும், போதாததற்கு எட்டு வீட்டு லேப்டாப்பிலும் ஒரு மென்பொருள் நிறுவ வேண்டும். அடுத்து யோசித்தது வயர்கார்டு விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனி மறைவான குழாய்) போட்டு, அதற்குள் சாதாரண ஆர்டிபி, அதாவது தொலைவில் இருக்கும் திரையைக் காட்டும் முறை. பாதுகாப்பானதுதான், வயர்கார்டு 2020-இல் இருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த லேப்டாப்கள் குடும்பம் முழுக்கப் பயன்படுத்துபவை. ஒரு வீட்டில் பையன் அதில் திருட்டு விளையாட்டுகளை இறக்கி வைத்திருந்ததை நானே பார்த்தேன். அப்படிப்பட்ட கருவிக்கு அலுவலக நெட்வொர்க் வரை ஒரு குழாய் போட்டுத் தர மனசு வரவில்லை.

கடைசியில் தேர்ந்தது அப்பாச்சி குவாக்கமோலி, தொலைவில் இருக்கும் திரையை பிரவுசருக்குள்ளேயே காட்டும் மென்பொருள். பிரவுசர் போதும், லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசருக்குப் போவது படம், அங்கிருந்து வருவது விசையும் மவுஸும். பின்னால் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதில் ஆர்டிபி முறையில் திரையை அனுப்பும் எக்ஸ்ஆர்டிபி, அதற்கு மேல் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். குவாக்கமோலியை ஒரு மெய்நிகர் இயந்திரத்திலும் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) டெஸ்க்டாப்களை இன்னொன்றிலும் வைத்தோம். எக்ஸ்ஆர்டிபி உள் முகவரியில் மட்டும் கேட்கும், அதுவும் குவாக்கமோலி இயந்திரத்திலிருந்து வந்தால்தான். வெளியிலிருந்து வரும்படி ரவுட்டரில் திறந்தவை இரண்டே போர்ட் (எண் இட்ட வாசல்): ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, என் நிர்வாக வேலைக்கான வயர்கார்டுக்கு 51820. எஸ்எஸ்ஹெச் அந்த வயர்கார்டுக்குள் மட்டும். ஆர்டிபியின் 3389-ஐ நேராக இணையத்துக்குத் திறந்து வைக்கிற வழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 2019-இல் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் அந்தக் கதவு வழியாக உள்ளே வர முடிந்தது.

இடையில் ஒரு தடுமாற்றம், இதே வழியில் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குவாக்கமோலி ஓட டாம்கேட் என்ற வலைச் சர்வர் வேண்டும், டெபியன் 12-இல் வருவது டாம்கேட் 10. குவாக்கமோலி 1.5 வரிசை டாம்கேட் 9 வரைதான் ஓடும். ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, குவாக்கமோலி திட்டமே வெளியிடும் டாக்கர் கன்டெய்னர்களுக்கு (தேவையானதெல்லாம் உள்ளேயே அடங்கிய தொகுப்புகள்) மாறினேன். நிறுவியதும் முதல் வேலை, எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தொடக்க நிர்வாகிக் கணக்கை அழித்தது.

நுழைவுக்குப் பாஸ்வேர்டும், போனில் முப்பது விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணும். அதற்கு ஏஜிஸ் என்ற திறமூலச் செயலி. சர்வரில் இருக்கும் லினக்ஸ் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, நீளமான ஒன்றைத் தானாக உருவாக்கிக் குவாக்கமோலிக்குள் வைத்துவிட்டேன். குவாக்கமோலியைத் தாண்டி வேறு வழியில் உள்ளே வர அவர்கள் கையில் எதுவும் இருக்காது என்பதற்காக.

பூட்டுகள்

மெனுவிலிருந்து, கட்டளை அடிக்கும் டெர்மினலை எடுத்து, பேனலில் நாலு ஐகான் மட்டும் விட்டு, எக்ஸ்எஃப்சிஇ அமைப்புக் கோப்புகளில் பூட்டு போட்டு, வலது கிளிக் மெனுவையும் அணைத்துவிட்டால் பார்க்க அருமையாகப் பூட்டிய மாதிரி இருக்கும். இதோடு நிறுத்துகிற வழிகாட்டிகள்தான் அதிகம். ஆனால் லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திற என்று கொடுத்தால் முழுக் கோப்பு அமைப்பும் கண்ணுக்கு முன்னால் வரும், மேக்ரோவில் (ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்) ஒரே வரி எழுதினால் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். மெனுவைச் சுருக்குவது பயன்படுத்துகிறவருக்குக் குழப்பம் வராமல் இருக்க உதவும். பூட்டு அதற்குக் கீழே, அனுமதிகளிலும் நெட்வொர்க்கிலும் இருக்க வேண்டும். மெனுவுக்கு அரை நாள் செலவழித்தேன், கீழ்த்தளத்துக்கு இரண்டு வாரம்.

வெளியே போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தோம். எக்ஸ்ஆர்டிபியின் சேனல் பட்டியலில் டிரைவ் பகிர்வை அணைத்தேன், குவாக்கமோலியிலும் டிரைவும் பிரிண்டிங்கும் கிடையாது. குவாக்கமோலியில் பிரிண்டிங்கைத் திறந்தால் அது பிடிஎஃப் ஆகி நேராக வீட்டு பிரவுசரில் இறங்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கிளிப்போர்டை இரண்டு திசையிலும் மூடினேன். என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் பயனர் எண்ணை வைத்தே விதி எழுதலாம் என்பதால், இந்தப் பதினொரு கணக்குகளிலிருந்து கிளம்பும் எந்த இணைப்பும் சர்வரை விட்டு வெளியே போகாது. போகக்கூடியது ஒரே இடம், அதே இயந்திரத்தில், இணையத்துக்குப் போகும் கோரிக்கைகளை இடையில் நின்று வடிகட்டும் ஸ்க்விட் ப்ராக்ஸி. ஸ்க்விட் லெக்சிகன் இருக்கும் தளத்தை மட்டும் விடும். தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடுவதையும் ஸ்க்விட்டே செய்துகொள்வதால், அந்தத் தேடலுக்கான டிஎன்எஸ்ஸைக்கூட இவர்களுக்குத் திறக்கவில்லை. டிஎன்எஸ் வழியாகவே தரவைக் கடத்துகிற கருவிகள் உண்டு.

பயனர்கள் எழுதக்கூடிய ஹோம், டெம்ப் கோப்புறைகள் எல்லாவற்றையும் நிரல் ஓட முடியாதபடி அமைத்தோம். இது முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், பைத்தான் மாதிரி ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கும் ஒன்றிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் அது ஓட்டிவிடும், பைத்தானை எடுக்கலாம் என்றால் தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ்ஸே அதை நம்பித்தான் இருக்கிறது. ஸ்கேன் படங்கள் படிக்க மட்டும், அதிலும் அவரவருக்கு ஒதுக்கிய கட்டு மட்டும். லிப்ரே ஆபீஸ் மேக்ரோவை, பயனர் மாற்ற முடியாதபடி முழுக்க அணைத்தோம். ஒருவர் ஒரு பெரிய படத்தைத் திறந்து மற்றப் பத்துப் பேரையும் நிறுத்திவிடாமல் இருக்க, ஆளுக்கு 3 ஜிபி நினைவகம் என்று லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் வரம்பு.

கூடவே ஒரு அடையாளம். ஒரு கட்டை ஒருவருக்கு ஒதுக்கும்போது இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி அந்தப் பிரதியின் ஓரத்தில் அவருடைய குறியீட்டெண்ணைச் சிறிதாக அச்சிடும். திரையைப் போனில் படம் பிடிப்பதை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. படம் வெளியே வந்தால் எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்றாவது தெரியட்டும் என்று வைத்தோம்.

இதெல்லாம் முடிந்ததும் தெரிந்த ஒரு இன்ஜினியரிங் மாணவரைக் கூப்பிட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, எப்படியாவது ஒரு பக்கத்தை வெளியே எடுத்துக் காட்டு என்றோம். அவரால் எடுக்க முடியவில்லை. ஆனால் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். கோப்புறைகளின் பெயர்கள் கட்சிக்காரர்களின் பெயர்களாகவே இருந்தன. உள்ளே இருக்கும் கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் யார் யாருக்கு வழக்கு நடக்கிறது என்று பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அன்று இரவே எல்லாவற்றுக்கும் வெறும் எண் கொடுத்தோம்.

நவம்பர்: மூன்று பேருடன் வெள்ளோட்டம்

முதல் நாள் காலை, ஐந்து நிமிடம் சும்மா இருந்த திரை பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. அந்த லினக்ஸ் பாஸ்வேர்டைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லையே. ஸ்கிரீன்சேவரை எடுத்துவிட்டோம். உள்ளே நுழைந்ததும் வண்ணச் சாதனத்தை உருவாக்க நிர்வாகி அனுமதி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து எல்லாரையும் பயமுறுத்தியது. எக்ஸ்ஆர்டிபி வைத்த பலருக்கும் இது வரும். கலர்டி என்ற சேவையால் வருவது, இந்த வேலைக்கு அது தேவையில்லை, நீக்கியதும் போய்விட்டது.

தமிழ் உள்ளீடுதான் நேரத்தைத் தின்றது. வீட்டு லேப்டாப்பில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு அடித்தால் எழுத்துகள் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. குவாக்கமோலியும் ஆர்டிபியும் அமெரிக்க ஆங்கில விசைப்பலகையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டிருந்தன. தீர்வு, லேப்டாப் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தமிழ்99 விசைப்பலகைக்கு சர்வருக்குள் ஐபஸ்ஸில் மாறிக்கொள்வது. ஆனால் ஐபஸ் மொழி மாற்ற வைத்திருக்கும் சூப்பர், ஸ்பேஸ் விசைச் சேர்க்கையை வீட்டு விண்டோஸே பிடித்துக்கொண்டு தன் மொழியை மாற்றிவிடும். அதைக் கண்ட்ரோல், ஸ்பேஸ் என்று மாற்றினோம். சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது என்ற சிக்கலும் இருந்தது. எக்ஸ்ஆர்டிபி தொடங்கும் அமர்வில் (ஒருவர் உள்ளே நுழைந்ததும் சர்வரில் திறக்கும் வேலைத்திரை) ஐபஸ்ஸுக்கான அமைப்பு மதிப்புகள் ஏறாததுதான் காரணம், அதை எல்லாருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பில் எழுதிய பிறகு சரியானது.

குறியீடுகள் விஷயம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். கிளிப்போர்டை மூடிவிட்டேன் அல்லவா, நோட்பேடில் வைத்திருந்த ௸-ஐ ஒட்ட முடியவில்லை. ஒருவர் அதற்குப் பதிலாக "மேற்படி" என்றே அடித்துக்கொண்டு போனார், மூலத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உடைந்தது. இரண்டு மாற்றம் செய்தோம். கிளிப்போர்டில் உள்ளே வரும் எழுத்தை அனுமதித்தோம், வெளியே போவதை எக்ஸ்ஆர்டிபியிலும் குவாக்கமோலியிலும் இரட்டையாக மூடியே வைத்தோம். வீட்டிலிருந்து சர்வருக்குள் எழுத்து வருவதால் பத்திரம் எங்கும் போய்விடாது. கூடவே லிப்ரே ஆபீஸின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் குறியீடுகளை எல்லாருக்கும் பொதுவாகச் சேர்த்தோம். இரண்டெழுத்துச் சுருக்கம் அடித்தால் ௵ வந்து நிற்கும். முதல் மாற்றத்தை விட இதற்குத்தான் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அக்காவுக்கு ஆறு இலக்க எண் ஒரு நாளும் ஏற்கவில்லை. மூன்று தடவை கணக்கைப் புதிதாக இணைத்துப் பார்த்தேன். நேரில் போய்ப் பார்த்தால் போனில் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. பஸ்ஸை விடாமல் இருக்க வருடக்கணக்காக அப்படித்தான் வைத்திருக்கிறாராம். அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, ஐந்து நிமிட வித்தியாசத்தில் பொருந்தாது. போனைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றி, சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதன்பிறகு எல்லாருடைய போனிலும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

டிசம்பர், ஜனவரி: எல்லாரும் உள்ளே

டிசம்பரில் பதினொரு பேரும் மாறினோம். யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவுக்கு ஆடிட்டி வைத்திருந்தோம், ஸ்கேன் கோப்புறையில் எந்தக் கோப்பு படிக்கப்பட்டாலும் பயனர் எண்ணோடு பதியும். முதல் வார அறிக்கையைப் பார்த்ததும் திகைத்துப் போனோம். ஒருவர் ஒரே நிமிடத்தில் இருநூறு பக்கம் திறந்ததாக இருந்தது. உரிமையாளர் அவரை அழைத்துக் கேட்கவே கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் பொறுங்கள் சார் என்று நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் கோப்புறையைத் திறந்தது மட்டும்தான், எக்ஸ்எஃப்சிஇ சிறுபடம் காட்டுவதற்காக எல்லாக் கோப்புகளையும் அவர் பெயரில் படித்திருக்கிறது. சிறுபடம் எடுக்கும் சேவையை நீக்கினோம். ஒரு பதிவு எதைப் பதிகிறது என்று முழுக்கத் தெரியாமல் அதை வைத்து ஒரு மனிதரைக் கேள்வி கேட்டிருப்போம், அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு வீட்டில் கரண்ட் போய் நாற்பது நிமிடம் வரவில்லை. துண்டித்த அமர்வைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும்படி நான் வைத்திருந்தேன். திறந்த அமர்வு தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது என்ற எண்ணம். "தம்பி, கரண்ட் வந்துருச்சுங்க, ஆனா காலையில இருந்து அடிச்ச பக்கத்தக் காணோம்" என்று அவர் போன் செய்தார். அடித்ததை இடையில் சேமிக்கவில்லை, லிப்ரே ஆபீஸ் மீட்புப் பிரதி எடுப்பதும் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான், எடுத்த பிரதியையும் அவர் பதற்றத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். அன்றே அமர்வுக் காலத்தை நாலு மணி நேரமாகவும் மீட்புப் பிரதியை இரண்டு நிமிடமாகவும் மாற்றினேன்.

பாதுகாப்பு குறைந்ததா என்று வக்கீல் அலுவலகத்தில் கேட்டார்கள். துண்டித்த அமர்வுக்குள் வர மறுபடி பாஸ்வேர்டும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும், அமர்வு சர்வரில்தான் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை என்று விளக்கியதும் ஏற்றுக்கொண்டார்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு கரண்ட் போனால் யாரும் பதறுவதில்லை, வந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறார்கள். பழைய முறையில் இந்த வசதி இருந்ததே இல்லை.

பிப்ரவரி: ஒரு புகைப்படம்

பிப்ரவரி நடுவில் அக்காவே உரிமையாளரிடம் வந்து தன் போனைக் காட்டினார். திரையைப் படம் பிடித்த ஒரு புகைப்படம், அரைப் பக்கம் தெரிகிறது, ஓரத்தில் குறியீட்டெண். கேள்வி பழைய கேள்விதான், இந்த எழுத்து என்ன. விசாரித்தால் ஒருவர் இல்லை, ஆறு பேர் டிசம்பரிலிருந்தே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்காவும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைய படத்தில் ஒரு வரிக்குப் பதிலாக அரைப் பக்கம் வந்துவிட்டதால்தான் அவருக்கே மனசு உறுத்தியிருக்கிறது.

குறியீட்டெண் நாங்கள் நினைத்தபடியே ஆளைக் காட்டிக்கொடுத்தது. உரிமையாளர் அந்தப் பெண்ணை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். அக்டோபரில் நானே எழுதியது: ஒரு நாளில் பதினேழு தடவை. அவர்கள் வேலையில் தவிர்க்கவே முடியாத ஒரு கேள்வி அது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதற்கு உள்ளே ஒரு வழி வைக்காமல் மற்ற எல்லா வழிகளையும் மூடினேன். லெக்சிகனுக்கு ப்ராக்ஸி வரை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. தவறு என்னுடையது என்று எழுதியே கொடுத்தேன். யாரையும் நிறுத்தவில்லை. வக்கீல் அலுவலகத்துக்கு நடந்ததை அன்றே தெரிவித்தோம், எல்லாருடைய போனிலிருந்தும் படங்களை அவர்கள் கண் முன்னால் அழித்தோம், மேகச் சேமிப்பில் ஏறியிருந்தவற்றையும் சேர்த்து. இரண்டு போனில் அப்படி ஏறியிருந்தது.

அடுத்த இரண்டு நாளில் உள்ளேயே ஒரு வழி வைத்தோம், பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. சர்வரில் "சந்தேகம்" என்று ஒரு பொதுக் கோப்புறை. எக்ஸ்எஃப்சிஇ-யின், திரையைப் படம் பிடிக்கும் கருவியில் ஒரு விசையை அழுத்தி வேண்டிய வரியை மட்டும் வளைத்தால் படம் அந்தக் கோப்புறையில் போய் விழும். அக்காவின் திரையில் அந்தக் கோப்புறை எப்போதும் திறந்திருக்கும், பதிலை அதே பெயரில் ஒரு சிறு எழுத்துக் கோப்பாகப் பக்கத்தில் வைப்பார். வாரக் கடைசியில் படங்கள் தானாக அழிந்துவிடும்.

எழுத்துக் கோப்புகளை மட்டும் அழிக்கவில்லை. மார்ச் முடிவில் அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, எந்தக் காலத்து எழுத்தர் எந்தச் சொல்லை எப்படிச் சுருக்குவார் என்பதற்கு அக்காவின் கையால் ஒரு சிறு அகராதியே உருவாகியிருந்தது. வாட்ஸ்அப்பில் இத்தனை வருடம் சொன்ன பதிலெல்லாம் எங்கே போயின என்று தெரியாது. இனி வருபவை இருக்கும்.

அதன் பிறகு

2024 மார்ச் 29, புனித வெள்ளி இரவு, எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. உடனே சர்வரைப் பார்த்தேன். பின்கதவு இருந்தது 5.6.0, 5.6.1 பதிப்புகளில், டெபியன் 12-இல் இருப்பது 5.4.1. புதியது வேண்டும் என்று நிலையான பதிப்பை விட்டுப் போகாமல் இருந்தது அன்று நிம்மதியைத் தந்தது. ஜூலை 1-ஆம் தேதி ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் வெளிவந்த ஓட்டை டெபியன் 12-ஐயும் தொட்டது. ஆனால் எங்கள் எஸ்எஸ்ஹெச் வயர்கார்டுக்குள் இருந்ததால், பதறாமல் திருத்தத்தைப் போட்டு முடித்தோம்.

எட்டுப் பேரில் ஏழு பேர் வீட்டிலிருந்தே தொடர்கிறார்கள். ஒருவர் நின்றுவிட்டார். அவர் ஊரில் செல்போன் சிக்னல் நிலையாக இல்லை, திரை நகர்வதற்குள் பொறுமை போய்விடுகிறது என்றார். ஸ்கேன்களை 600-இல் இருந்து 300 டிபிஐ சாம்பல் நிறத்துக்கு மாற்றியும், டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை எடுத்தும் பார்த்தோம், போதவில்லை. பழைய முறையில் படத்தை ஒரு தடவை இறக்கிக்கொண்டு நாள் முழுக்க இணையம் இல்லாமலே வேலை செய்தவர் அவர். இந்த ஏற்பாடு அவரிடமிருந்து வேலையை எடுத்துவிட்டது என்பதை மறைக்கக்கூடாது. அலுவலகத்தில் இடம் தருவதாகச் சொன்னோம், அவரால் வர முடியவில்லை.

வக்கீல் அலுவலகம் ஜூனில் நேரில் வந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. அதன்பின் இன்னொரு வக்கீல் அலுவலகமும் வேலை தந்தது. இரண்டு வாடிக்கையாளர்களின் கட்டுகள் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் அவற்றைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தோம்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

முதலில் "சந்தேகம்" கோப்புறை. சர்வரில் ஒரு கணக்குகூடத் திறப்பதற்கு முன்னால் அதை வைப்பேன். பார்க்கப் போகும் இரண்டு நாளில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது புதிய ஏற்பாட்டில் எங்கே நடக்கும் என்று ஒரு பத்தி போடுவேன். அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரை எதையும் மூட மாட்டேன்.

வெள்ளோட்டத்துக்கு அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன், எனக்குப் போய்வரச் சுலபம் என்பதற்காக. சிக்னல் மோசமான ஊரில் இருப்பவரை முதல் ஆளாக எடுத்திருந்தால் அவருடைய சிக்கல் நவம்பரிலேயே தெரிந்திருக்கும், கெடு முடிவதற்குள் வேறு ஏதாவது யோசித்திருக்கலாம்.

ஓரத்தில் குறியீட்டெண் அச்சிடுவதை எல்லாரிடமும் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்வேன். இந்த முறை சொல்லவில்லை. பிப்ரவரியில்தான் பலருக்கும் தெரிந்தது, அது அவர்களைப் புண்படுத்தியது. ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "எங்களத் திருடின்னு நெனச்சுத்தான் வெச்சீங்களா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் எது பதிவாகிறது, எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டி, அவர்கள் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் கணக்குத் திறக்கிறோம்.